வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்

என் மகனுக்கு நான்கு வயதில் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்று தெரியவந்தது. இப்போது ஏழு வயது. டயாலிசிஸ் வரை போகவில்லை; மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான். உப்பைக் குறைப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. பழத்தைக் குறைக்கச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. பிள்ளைக்குப் பழம் கொடுக்காதே என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

காரணம் பொட்டாசியம். சிறுநீரகம் தளர்ந்த பிள்ளைக்கு அது வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பரிசோதனைச் சீட்டில் 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு சித்திரையில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தவனுக்கு, குளிர்ச்சியாக இருக்கட்டுமே என்று இரண்டு நாள் இளநீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் 6.2. ஒரு டம்ளர் இளநீரிலேயே சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது என்பது அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது.

பழத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை; பொட்டாசியம் குறைந்த பழமாகப் பார்த்து, வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு அளவாகக் கொடுக்கிறேன். முதலில் பழத்தைத் தேர்ந்தெடுப்பது. நூறு கிராம் வாழைப்பழத்தில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, கொய்யாவில் 400-ஐ ஒட்டி. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் அன்னாசியிலும் 100-ஐ ஒட்டித்தான். அதனால் எங்கள் வீட்டில் இந்த மூன்றும்தான் சுற்றிச் சுற்றி வரும். பேரீச்சையும் உலர் திராட்சையும் வாங்குவதே இல்லை.

நட்சத்திரப் பழம் மட்டும் எந்த வடிவிலும் கூடாது. அதில் பொட்டாசியத்தைத் தவிர வேறொரு நஞ்சும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்; பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும், உயிருக்கே ஆபத்து. வேகவைத்தாலும் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் மரம் இருந்தால் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள், அந்த வீட்டுக்காரர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். ஆடி, ஆவணியில் கொடைக்கானல் பேரிக்காய் எங்கள் வத்தலக்குண்டுச் சந்தையில் கிடைக்கும். கல் மாதிரி இருக்கும், பச்சையாகக் கடித்தால் நறநறவென்று. வேகவைக்க அதுதான் நல்லது, குழைந்து போகாது. ஒரு பேரிக்காயைத் தோல் சீவி, நடுவில் இருக்கும் விதையையும் நாரையும் எடுத்துவிட்டு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். இந்த இடத்தில் சோம்பல்படக் கூடாது. துண்டு சிறிதானால்தான் தண்ணீர் உள்ளே புகுந்து பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு வரும்.

அகலமான பாத்திரத்தில், பழத்தைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் கொதிக்கட்டும். துண்டுகளைப் போட்டு, மூடாமல் பத்து நிமிடம் வேகவிடுங்கள். ஆப்பிளுக்கு ஆறேழு நிமிடம் போதும், அன்னாசிக்குப் பதினைந்து ஆகும். ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தால், ஓரம் கண்ணாடி போலத் தெளிந்து, விரலுக்கிடையில் வழுக்கிக்கொண்டு மசிய வேண்டும். அப்புறம் வடிதட்டில் கொட்டி, நன்றாக ஒட்ட வடியுங்கள்.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எனக்கு இதுதான் கடைசி வரை கை வராமல் இருந்தது. லேசான மஞ்சளாக, இனிப்பு வாசனையோடு இருக்கும். சத்தெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கிறது என்று அம்மா பதறுவார். ஆமாம், இறங்கியிருக்கிறது. நமக்கு வேண்டாத பொட்டாசியமும் அதில்தான் இருக்கிறது. ஜூஸ் என்று கொடுப்பதோ, பாயசத்துக்கு எடுத்து வைப்பதோ கூடாது. இதனால்தான் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பதும், குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு விசில் விடுவதும் இந்தப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. பழம் வெந்துவிடும், பொட்டாசியம் அதிலேயே இருந்துவிடும்.

வடித்த பழத்தில் ஒரு சிட்டிகை பட்டைத் தூள், ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். அவற்றிலும் பொட்டாசியம் உண்டு. மத்தால் இரண்டு தட்டு தட்டினால் போதும், அங்கங்கே துண்டு தென்பட வேண்டும். முழுக்க மசித்தால் என் மகன் "பாப்பா சாப்பாடு" என்று தள்ளிவிடுவான்.

தண்ணீரில் போனது போக மிச்சம் கொஞ்சம் பழத்தில் இருக்கத்தான் செய்யும். அதனால் அளவு முக்கியம். எங்களுக்குச் சொன்னது ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை டாக்டரும் உணவு நிபுணரும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிறுநீரகக் கோளாறு இருந்தும் பொட்டாசியம் குறைவாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இப்படிச் சத்தை வடித்துக் கொடுப்பதே தவறு.

ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் எடுக்கும்போது கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் நீர் ஊறி நிற்கும். அதையும் சாய்த்து ஊற்றிவிட்டுத்தான் பள்ளி டப்பாவில் போடுகிறேன்.