உவர்க்காற்றில் ஒரு ஸ்கூட்டரைப் பேணுதல்

திருகோணமலை நகரத்து ஸ்கூட்டர் ஓடித் தேய்வதைக் காட்டிலும் நின்று கெடுவதே அதிகம். உவர்மலையிலிருந்து பாடசாலைக்கும், பாலையூற்றிலிருந்து சந்தைக்கும், உப்புவெளியிலிருந்து அலுவலகத்துக்கும் போய்வருகிற வண்டி ஒரு நாளில் 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவது அரிது. அந்தக் கணக்கில் 3,000 கிலோமீற்றரை எட்ட 300 நாட்கள் ஆகும். வண்டியோடு தரப்படும் கைந்நூல் ஒவ்வொரு வேலைக்கும் கிலோமீற்றரைக் குறித்துவிட்டு, பக்கத்தில் மாதக் கணக்கையும் சிறிய எழுத்தில் தந்து, எது முந்துகிறதோ அதைப் பின்பற்றச் சொல்கிறது. நம் ஊரில் அந்தச் சிறிய எழுத்தைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், பத்து வருடம் கடந்த ஸ்கூட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை இன்னும் சில வருடங்கள் ஓட்ட விரும்புகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உப்பிலிருந்து தொடங்குவோம். கடற்காற்றில் வரும் உப்பு உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே மழை பெய்யாத நாளிலும் இரும்பின் மேல் உப்புநீர் இருந்துகொண்டே இருக்கிறது. முதலில் துருப்பிடிப்பவை சைலன்சரின் அடிப்பக்கம், நடு ஸ்ராண்டின் இணைப்பு, பிரேக் கம்பியின் முனைகள், மிதிபலகைக்குக் கீழே இருக்கும் சட்டம் ஆகியவையே. நிலாவெளிப் பக்கம் கடற்கரைக்குப் போய்வந்த அன்றே, அல்லது வாரத்துக்கு ஒரு தடவையாவது, வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: கடலோர வீடுகளின் கிணற்று நீர் பல இடங்களில் உவராக இருக்கும், அதனால் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதாகும். குழாய் நீர் ஒரு வாளி போதும். என்ஜின் ஆறியபின் கழுவி, உலர்ந்த சீலையால் துடைத்து, பின்பு பத்து நிமிடம் ஓட்டினால் மூலைகளில் தேங்கிய நீரும் உலர்ந்துவிடும். அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவும்போது சில்லின் அச்சுகளையும், பிளக் மூடியையும், காற்று வடிகட்டியின் வாயையும் நேரே தாக்கவிடக் கூடாது. கழுவிய பின் ஸ்ராண்டின் இணைப்பு, பிரேக் நெம்பின் ஆணி, இருக்கைப் பூட்டு ஆகியவற்றுக்கு இரண்டு துளி எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசினாகி மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரவில் வண்டியை மூடி வைப்பவர்கள் பலர். ஈரமான வண்டியைப் பிளாஸ்ரிக் விரிப்பால் இறுக மூடினால் உள்ளே வேர்த்து, மூடாமல் விட்டதை விட விரைவில் துருப்பிடிக்கும். கூரைக்குக் கீழே, காற்றோட்டமாக, மண் தரையில் அன்றிச் சீமெந்துத் தரையில் நிறுத்துவதே போதுமானது.

என்ஜின் ஒயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குறுந்தூர ஓட்டம் ஒயிலைக் கெடுக்கிற விதம் பலருக்குத் தெரிவதில்லை. பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி என்ஜினுக்குள் கசிந்து ஒயிலில் கலக்கிறது; நெடுந்தூரம் ஓடும் வண்டியில் ஒயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியேறிவிடும், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும் வண்டியில் அது உள்ளேயே தங்கிவிடும். ஒயில் மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது அதன் அடியில் பால் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால் 3,000 கிலோமீற்றர் வரும்வரை காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒயிலை மாற்றிவிடுவது என் வழக்கம். வாரத்தில் ஒரு நாளாவது கன்னியா வெந்நீர்க் கிணற்றடி வரையில் நிற்காமல் ஒரு ஓட்டம் ஓடிவருவதும் ஒயிலுக்கு நல்லது.

மாற்றும் முறை கடினமானதன்று. சில நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, கீழே ஒரு பழைய தட்டை வைத்து, வடிகால் போல்ற்றைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் அதற்குள் வலையும் சுருளும் இருக்கும். விழும்போது எந்த ஒழுங்கில் வந்தன என்பதைக் கவனித்து, வலையை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, அதே ஒழுங்கில் மாட்ட வேண்டும். 110 சிசி ஸ்கூட்டர்களில் பல 700 முதல் 800 மில்லிலீற்றர் வரையே கொள்ளும். ஒரு லீற்றர் போத்தலை முழுதாகக் கவிழ்த்துவிடாதீர்கள். போத்தலில் ஜாசோ எம்பி (JASO MB) என்ற தரக்குறி இருந்தால் அது ஸ்கூட்டருக்கென்றே ஆனது. எம்ஏ (MA) என்பது கிளச் ஒயிலிலேயே நனைந்திருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு உரியது. அதை ஊற்றினாலும் ஸ்கூட்டர் கெட்டுவிடாது, ஆனால் தேவையும் இல்லை. பின்சில்லுப் பக்கம் தனியாக ஒரு கியர் ஒயில் அறை உண்டு. அது ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் அளவே என்பதால் கராஜிலும் அதை மறந்துவிடுகிறார்கள், நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

போல்ற்றை இறுக்குவதில் ஒரு எச்சரிக்கை. என்ஜின் உடல் அலுமினியத்தால் ஆனது. இரும்பு போல்ற்றை நீண்ட ஸ்பனரால் பலங்கொண்டு திருகினால் மரை அறுந்துவிடும். எங்கள் வீட்டு வண்டிக்கு ஒரு கராஜில் அப்படி நேர்ந்து, ஒழுங்கை முழுதும் ஒயில் சொட்டிய பிறகே கண்டுபிடித்தோம். புதிய மரை வெட்டும் செலவு மூன்று தடவை ஒயில் மாற்றும் செலவுக்குச் சமமாயிற்று. புதிய வோசர் போட்டு, கையால் திருகும்வரை திருகி, அதன் பின் குறுகிய ஸ்பனரால் உறுதியாக ஒரு பிடி பிடித்தால் போதும். வடித்த ஒயிலை வடிகானிலோ கடற்கரையிலோ ஊற்றாமல் கராஜில் உள்ள பீப்பாவில் சேர்த்துவிடுங்கள்.

மணல் நம் வண்டிகளின் இரண்டாவது எதிரி. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். வண்டி மந்தமாகிப் பெற்றோல் கூடக் குடிக்கத் தொடங்கும். வடிகட்டி பஞ்சாக இருந்தால் சவர்க்கார நீரில் கழுவி, உலர்த்தி, ஒயில் தடவிப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய்ப் பசையுள்ள கடதாசி வடிகட்டியைக் கழுவவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். காற்றடித்தால் தூசி போவது போலத் தோன்றும், ஆனால் தாளின் துளைகள் விரிந்து அடுத்த புழுதி நேரே என்ஜினுக்குப் போகும். இடப்பக்கப் பெட்டிக்குள் ஓடும் பெல்ற்றை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது கறுப்புத் தூளாய் உதிர்ந்திருந்தாலோ பற்களின் அடியில் வெடிப்பு இருந்தாலோ தயங்காமல் மாற்றிவிட வேண்டும். கந்தளாய் வீதியில் நடு இரவில் அறுந்தால் தள்ளிக்கொண்டு வருவதைத் தவிர வழி இல்லை.

டயரின் காற்றைப் பத்து நாளுக்கு ஒருமுறை, சில்லு சூடேறுமுன் பாருங்கள். பல 110 சிசி வண்டிகளில் முன்சில்லுக்கு 22 பிஎஸ்ஐ (psi), பின்சில்லுக்குத் தனியே போகையில் 29, பின்னால் ஒருவர் இருக்கையில் 36 என்ற அளவே சொல்லப்பட்டிருக்கும். உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் தாளையே முடிவாகக் கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவில் அடித்துவிடுவது காற்றடிக்கும் இடங்களின் பழக்கம், ஆகவே அளவை நீங்களே சொல்லுங்கள். டிரம் பிரேக்கில் நெம்பின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வாக அசைந்து அதன் பின்னரே பிடிக்க வேண்டும். அதற்குக் கூடினால் சில்லின் அருகே உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். திருகிய பின் சில்லைக் கையால் சுற்றி, உரசாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தில், பல ஸ்கூட்டர்கள் மாதக் கணக்கில் நின்றன. பின்னர் ஓட்டப்போனபோது ஸ்ராட் ஆகவில்லை. கார்புரேற்றரில் தேங்கிய பெற்றோல் ஆவியாகிப் பசையாக மாறிச் சிறு துளைகளை அடைத்ததும், பற்றரி தானாகவே வடிந்ததுமே காரணம். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாயின் கார்புரேற்றரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திப் பெற்றோலை வடித்துவிட்டு, பற்றரியின் கறுப்பு வயரை முதலிலும் சிவப்பு வயரை அடுத்தும் கழற்றி வையுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில். முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப் பூத்திருந்தால் சுடுநீரால் துடைத்து, உலர்ந்தபின் வாஸலின் தடவினால் உப்பு அண்டாது. அசையாமல் நிற்கும் பற்றரியில் 12.4 வோல்ற்றுக்குக் குறைந்தால் மின்னேற்ற வேண்டும்.

ஓட்டுவதற்கு வருவோம். 100 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏ வகை சாரதி அனுமதி வேண்டும், ஏ1 போதாது. நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் 110 சிசி என்பதை இங்கே கவனிக்கவும். காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றின் திகதிகளைக் கலண்டரில் குறித்து வைத்தால் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாளில் ஓட வேண்டியிராது. புதிதாகப் பழகுகிறவர் என்ஜினை ஸ்ராட் செய்யும்போதும் வண்டியைத் தள்ளும்போதும் வலக்கைப் பிடியைத் திருகிவிடுவதே முதல் விபத்துக்குக் காரணமாகும். பின் பிரேக்கைப் பிடித்தபடி ஸ்ராட் செய்வதும், தள்ளும்போது சாவியை அணைத்துவிடுவதும் அதைத் தடுக்கும்.

கோணேசர் கோயிலிலிருந்து கோட்டை வாசலுக்கு இறங்குகையில், மோட்டார் சைக்கிளைப் போல என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஸ்கூட்டரின் கிளச் வேகம் குறைந்ததும் தானே விட்டுவிடும். அதன்பின் வண்டி சைக்கிளைப் போல உருளும். ஆகவே இறக்கம் தொடங்குமுன்னரே இரண்டு பிரேக்கையும் மெதுவாக, விட்டுவிட்டுப் பிடித்து இறங்குங்கள். அங்கே மேயும் மான்கள் ஒன்று குறுக்கே பாய்ந்தால் இன்னொன்று பின்னால் வரும் என்று எண்ணி நின்றுவிடுவது நல்லது. இரவில் நகர வீதிகளில் படுத்திருக்கும் மாடுகளுக்கும் அதே கவனம் தேவை. ஒதுங்கிய மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் சிறிய சில்லு உடனே வழுக்கும். பிடியை விட்டு, நேராகவே கடந்து விடுங்கள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது வேகத்தைக் குறைத்து, உடலைத் தளர்த்தி, பெரிய வாகனங்களோடு ஒட்டாமல் போவதே பாதுகாப்பு.

மாரியில் தண்ணீர் தேங்கிய வீதியில் சைலன்சர் வாய் மூழ்கும் ஆழம் இருந்தால் இறங்காதீர்கள். தவறி இறங்கி என்ஜின் நின்றுவிட்டால், மீண்டும் மீண்டும் சுவிட்சை அழுத்த வேண்டாம். உள்ளே போன நீரை பிஸ்டன் அமுக்க முயன்றால் உட்பாகங்கள் வளைந்துவிடும். வண்டியை உலர்ந்த இடத்துக்குத் தள்ளிச்சென்று, பிளக்கைக் கழற்றி, வடிகட்டிப் பெட்டியைத் திறந்து நீர் இருக்கிறதா என்று பார்த்து, ஒயில் பால் நிறமாகியிருந்தால் அதை மாற்றிய பின்னரே ஸ்ராட் செய்ய வேண்டும்.