பறக்கும் நேரத்துக்கு ஒரு மனக்கணக்கு

இரண்டு ஊர்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தை (கிலோமீட்டரில்) 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். நேரடி விமானம் எடுக்கும் நேரம் ஏறக்குறைய அதுதான். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விடை தப்பும்.

பெரிய ஜெட் விமானங்கள் உயரே மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. மேலேறவும் கீழிறங்கவும் வேகம் குறைவதை ஈடுகட்டத்தான் அந்த அரை மணி. லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர், ஆக 7 மணி நேரம். அப்புறம் காற்று இருக்கிறது. அட்லாண்டிக்கின் மேல் ஜெட் காற்று (உயரே வேகமாக ஓடும் காற்றோட்டம்) மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் நியூயார்க் போகும்போது நேரம் கூடும், லண்டன் திரும்பும்போது குறையும். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், பூமி உருண்டை!

சுற்றிப் போகும் தடங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. லண்டன்–டோக்கியோ சுமார் 9,600 கிலோமீட்டர். கணக்குப்படி 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். 2022 முதல் பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்ப்பதால் 14 மணி நேரத்தை நெருங்குகிறது. இடையில் விமானம் மாறினால், காத்திருப்பைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.