தப்பான வழியில் போகிறவருக்காக ஜெபிப்பது எப்படி?

பெங்களூரில் தமிழ்ச் சபைகளில் இருப்பவர்களுக்கு இந்த போன் பழக்கமானதுதான். நாகர்கோவிலிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஓர் அம்மா கூப்பிடுவார்: பையன் பிடிஎம் பக்கம் பிஜியில் இருக்கிறான், ஆலயத்துக்குப் போவதே இல்லை, குடிக்கிறான் போலிருக்கு, கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கோங்க தம்பி. சரிங்கம்மா என்று சொல்லிவிடுகிறோம். என்ன கேட்டு ஜெபிப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஒன்று, 'உமக்குச் சித்தமானால் அவனைத் திருத்தும்' என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். இல்லையென்றால் ஆண்டவருக்கே முழுத் திட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் 1 யோவான் 5ஆம் அதிகாரத்தில் 14 முதல் 16 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அவருடைய சித்தத்தின்படி கேட்டால் செவிகொடுக்கிறார் என்ற 14ஆம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம், வேலைக்கும் விசாவுக்கும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம். ஆனால் யோவான் அதைச் சொன்ன கையோடு பேசுவது வேலையைப் பற்றி அல்ல. சகோதரன் பாவம் செய்வதைக் கண்டால் அவனுக்காக வேண்டிக்கொள், தேவன் அவனுக்கு ஜீவனைக் கொடுப்பார் என்கிறார். ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்பதே அவருடைய விருப்பம் என்று 2 பேதுரு 3:9 சொல்கிறது. ஆக, 'இவன் திரும்புவது தேவசித்தமா' என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் தேவன் தன் வாயாலேயே விரும்புவதாகச் சொன்னது: மனந்திரும்புதல், ஜீவன், விசுவாசம். இதைத் தயங்காமல் கேளுங்கள், 'சித்தமானால்' என்ற வாலே வேண்டாம். மறுபக்கம் நீங்கள் விரும்புவது: எப்போது, எப்படி, யார் மூலமாக, அவன் அந்த வேலையை விட வேண்டும், ஊருக்கே வந்துவிட வேண்டும், இப்படி. இதையும் கேட்கலாம், தப்பில்லை. கெத்செமனேயில் இயேசுவே தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டுத்தான் உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும் என்றார், அந்த வரி இந்தப் பக்கத்துக்கு உரியது. எழுதும்போதே சில சங்கதிகள் இரண்டு பக்கத்திலும் சேராது என்று தெரிந்துவிடும். 'நம்ம சாதியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும்' என்பதைப் பாவத்திலிருந்து விடுதலை என்ற பெயரில் ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வேதத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினாலும் அதற்கு இடம் கிடைக்காது.

இந்தக் கோடு ஏன் தேவை என்பதற்கு, பின்னாளில் பெரிய இறையியலாளரான அகஸ்டினின் தாய் மோனிக்காவின் கதை போதும். மகன் அகஸ்டின் 383இல் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பலேறப் போகிறான். போகவிடாதேயும் என்று அந்தத் தாய் கடற்கரைப் பக்கம் ஒரு சிறு ஆலயத்தில் இரவு முழுக்க அழுது ஜெபிக்கிறாள். அவன் அவளை ஏமாற்றிவிட்டு அன்று இரவே போய்விடுகிறான். அப்புறம் மிலானில் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டு, 387 ஈஸ்டரில் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெறுகிறான். போகக்கூடாது என்று அவள் கேட்ட அந்த இத்தாலியில்தான், அவன் மனந்திரும்ப வேண்டும் என்று அவள் வருடக்கணக்காகக் கேட்டது கிடைத்தது. பெங்களூரை சோதோம் என்று நினைத்துக்கொண்டு மகனை ஊருக்கு இழுக்கவே ஜெபிக்கும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

லூக்கா 22:32உம் கவனிக்க வேண்டியது. பேதுரு தன்னை மறுதலிக்கப்போகிறான் என்று இயேசுவுக்குத் தெரியும், ஆனாலும் அவன் விழக்கூடாது என்று அவர் கேட்டதாக அங்கே இல்லை, அவன் விசுவாசம் ஒழிந்துபோகக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டார். நீங்களும் அப்படிக் கேட்டால், மறுபடி குடித்துவிட்டான் என்று செய்தி வந்த அன்று உங்கள் ஜெபம் தோற்றதாகத் தோன்றாது.

ஜெபிக்கும்போது 'அவன்' என்று தொடங்காமல் 'நாங்கள்' என்று தொடங்கிப் பாருங்கள். எதிரிகளாலேயே குற்றம் கண்டுபிடிக்க முடியாத தானியேல், 9ஆம் அதிகாரத்தில் 'நாங்கள் பாவஞ்செய்தோம்' என்றுதான் அறிக்கையிடுகிறார். லூக்கா 18இல் பரிசேயன் தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, சுட்டிக்காட்டியே ஜெபித்தான், கடைசியில் நீதிமானாக வீட்டுக்குப் போனது அந்த ஆயக்காரன்தான்.

அடுத்தது, வாட்ஸ்அப் ஜெபக்குறிப்பு. பெயரையும் பாவத்தையும் குழுவில் போடாதீர்கள். நம் ஆட்கள் வட்டம் சின்னது, காக்ஸ் டவுன் வீட்டுக் கூட்டத்தில் சொன்னது அன்று ராத்திரியே அல்சூருக்குப் போய், விடிவதற்குள் திருநெல்வேலியை எட்டிவிடும், அதற்கப்புறம் அவன் ஏன் ஆலயத்துப் பக்கம் தலைகாட்டப் போகிறான்? மத்தேயு 18:15 தனியாகப் போய்ப் பேசு என்கிறது. 'ஒரு தம்பிக்காக' என்றால் போதும், ஆண்டவருக்கு ஆள் தெரியும்.

அதே 1 யோவான் 5:16இல் வரும் மரணத்துக்கு ஏதுவான பாவம் எது என்று யாராவது இழுப்பார்கள். சபைகளுக்குள் நெடுங்காலமாகவே விளக்கங்கள் வேறுபடுகின்றன. யோவானும் அதற்காக வேண்டச் சொல்லவில்லை என்றாரே தவிர, இன்னார் அந்தப் பட்டியலில் என்று பெயர் எழுதும் வேலையை நமக்குக் கொடுக்கவில்லை. தொடர்ந்து ஜெபியுங்கள். ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களுக்காக விண்ணப்பம் பண்ணாமல் விட்டால் அது தனக்கே பாவம் என்றார் சாமுவேல். நேரமில்லை என்பவர்களுக்கு, டிராஃபிக்கில் மாட்டி நிற்கும் சில்க் போர்டு சிக்னல் இருக்கவே இருக்கிறது.

குடி முற்றிவிட்டது என்றால் ஜெபத்தோடு ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கும் கூட்டிப்போங்கள், போதைப் பழக்கத்துக்கென்றே அங்கே தனிப்பிரிவு இருக்கிறது. வீட்டில் மனைவியை அடிக்கிறான் என்றால் அவளை அவசர உதவி எண் 112க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு ஜெபி என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது பக்தியே இல்லை.

அப்புறம் அவனை ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது அவனுக்குச் சொல்ல நினைத்த புத்திமதியையெல்லாம் ஆண்டவரிடம் சொல்வது போலச் சொல்லாதீர்கள், அவனுக்கு அது புரியும். இந்த உணவுக்காக நன்றி, ஆமென், குழம்பு ஆறுவதற்குள் பரிமாறுங்கள்.