மாலையை வரைந்தால் சாயங்காலம்: பிள்ளைகளுக்கு எகிப்தியச் சித்திர எழுத்து

எகிப்திய எழுத்தைச் சொல்லித்தரலாம் என்று உட்கார்ந்ததும் நம் கை முதலில் போவது இணையத்தில் கிடைக்கும் அட்டவணைக்குத்தான். 'ஏ'-க்குக் கழுகு, 'பி'-க்குக் கால். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் பெயரை எழுதி முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார்கள் பிள்ளைகள். தப்பு என் பேரில்தான். வெறும் ரகசியக் குறியீடாக அது முடிந்துபோனது. படம் எப்படிச் சொல்லாகிறது என்ற வேடிக்கை அதில் இல்லவே இல்லை. அடுத்த முறை வரிசையை மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எட்டு வயதுக்கு மேல் இருந்தால் நல்லது.

தேவைப்படுபவை: வெள்ளைத்தாள், கறுப்பு, சிவப்பு ஸ்கெட்ச் பேனா, ஆறிய காபி டிகாக்‌ஷன் அரை டம்ளர், பிரஷ்.

முதலில் தமிழில் ஒரு விளையாட்டு

தாளில் ஒரு பூமாலை வரையுங்கள். "இது என்ன?" என்றால் "மாலை" என்பார்கள். அதே படத்துக்குப் பக்கத்தில் ஒரு சூரியனைப் போட்டு, "இப்போது?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் விழிப்பார்கள், அப்புறம் யாராவது ஒருவர் "சாயங்காலம்!" என்று கத்துவார். படிக்கட்டு வரைந்து பக்கத்தில் புத்தகம் வைத்தால் 'படி'. ஓடுகிற ஆற்றுக்குப் பக்கத்தில் ஐந்து விரலும் ஒரு விரலும் வரைந்தால் எண் ஆறு. அவர்களாகவே இரண்டு மூன்று கண்டுபிடிக்கும்வரை அடுத்ததற்குப் போகவேண்டாம். மொத்தப் பாடமும் இங்கேதான் இருக்கிறது: படத்தின் பொருளை விட்டுவிட்டு அதன் ஓசையை மட்டும் கடன் வாங்குவது, குழப்பம் தீர ஓசையில்லாத இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைப்பது.

எகிப்தியர் செய்ததும் இதுதான்

வீட்டின் தரைப்படம் போல, கீழ்ப்பக்கம் வாசல் திறந்த ஒரு செவ்வகம் வரையுங்கள். அதன் ஓசை 'ப்ர்'. கீழே ஒரு சிறு கோடு போட்டால் 'வீடு'. கோட்டுக்குப் பதிலாக, 'ர்' ஓசைக்கான வாயையும் நடக்கிற இரண்டு கால்களையும் சேர்த்தால் 'வெளியே போ'. கால்களுக்கு ஓசை கிடையாது. 'இது நடமாட்டம் பற்றிய சொல்' என்று காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. மாலைக்குப் பக்கத்தில் வைத்த சூரியன் மாதிரி என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது பெயர்

ஓரெழுத்து ஓசைக்கென்று ஏறத்தாழ 24 குறிகள் இருந்தன. எல்லாவற்றையும் காட்டவேண்டாம், அந்தந்தப் பெயருக்கு வேண்டியது போதும். கவின் என்றால் கைப்பிடி வைத்த கூடை (க்), காடைக்குஞ்சு (வ்), நாணல் (இ), தண்ணீரின் நெளிகோடு (ன்). மீனாவுக்கு ஆந்தை, நாணல், நெளிகோடு, பிணந்தின்னிக் கழுகு. கடைசியில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தி. அவளுக்கும் ஓசை கிடையாது, பெண்ணின் பெயர் என்று காட்ட மட்டும்.

எகிப்தியர் பொதுவாக உயிரொலிகளை எழுதுவதில்லை. கிரேக்கப் பெயர்களை எழுத நேர்ந்தபோது நாணலையும் கழுகையும் உயிர் போலப் பயன்படுத்தினார்கள். நாமும் அதே வழியில் போகலாம். 'ல்' ஓசைக்குப் படுத்திருக்கும் சிங்கம். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் அதே சிங்கம்தான், வேறு வழியில்லை. எங்கள் கூட்டத்தில் யாழினி 'யாலினி' ஆனதில் அவளுக்கு இன்னும் கோபம்.

எழுதும் திசையைச் சொல்ல மறக்கவேண்டாம். விலங்கும் மனிதரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ, அந்தப் பக்கம்தான் வரியின் தொடக்கம். பெரும்பாலும் வலமிருந்து இடம். ஆந்தைக்கு உடல் பக்கவாட்டில் இருந்தாலும் முகம் நம்மைப் பார்க்கும். அதற்கு அலகின் திசையைத் தேடாமல் உடலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாள்

தாளின் இரண்டு பக்கமும் டிகாக்‌ஷன் பூசி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் எழுதி, ஒரு காடைக்குஞ்சு கறுப்புத் திட்டாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எகிப்திய எழுத்தர்கள் கறுப்பு மையில் எழுதி, தலைப்புகளுக்குச் சிவப்பைத் தொட்டார்கள். பெயரைச் சுற்றி நீள்வட்டமாகக் கயிறு வரைந்து, ஒரு முனையில் முடிச்சுப் போடவேண்டும். இதற்குக் கார்ட்டூஷ் என்று பெயர். நிஜத்தில் அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது. இன்றைக்கு எல்லாரும் ராஜா, ராணிதான், விடுங்கள்.

கண்டுபிடிக்கும் ஆட்டம்

1799-இல் ரொசெட்டா என்னும் ஊரருகே கிடைத்த கல்லில் ஒரே ஆணை மூன்று எழுத்து வடிவங்களில் இருந்தது, ஒன்று கிரேக்கம். அதிலிருந்த கயிற்று வட்டத்துக்குள் தாலமி என்ற அரசரின் பெயர், கிரேக்கத்தில் 'ப்தொலெமையோஸ்' (ப்-த்-ஒ-ல் என்று தொடங்கும்). இன்னொரு கல்தூணில் கிளியோபாத்ரா. தாலமியில் முதலாவதாக வரும் சதுரம் கிளியோபாத்ராவில் ஐந்தாவதாக வருகிறது. அப்படியானால் அது 'ப்'. தாலமியில் நான்காவதாக இருக்கும் சிங்கம் அங்கே இரண்டாவது, அது 'ல்'. இப்படிப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து மேலே போன பிரெஞ்சு அறிஞர் ஷாம்போல்லியோன், 1822-இல் இந்த எழுத்து இயங்கும் முறையை வெளியிட்டார்.

பிள்ளைகளின் தாள்களில் இரண்டை எடுத்து, யாருடையது என்று சொல்லாமல் வேறொருவரிடம் கொடுங்கள். கூடவே கூட்டத்தில் உள்ள பெயர்களின் பட்டியலையும் கொடுங்கள். அட்டவணை கூடாது. எங்கள் வீட்டில் பக்கத்துவீட்டுப் பையன் இரண்டு தாளிலும் நெளிகோடு இருப்பதைப் பார்த்து, "ரெண்டுலயும் 'ன' இருக்கு, அப்போ ஒண்ணு கவின்!" என்றான். மற்றது மீனாவா யாழினியா என்பதில்தான் சண்டை வந்தது. ஆந்தையைக் காட்டிக்கொடுத்தது மீனாவேதான்.