ராமனையும் பரதனையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டில் அலையும் நாயகன், நாடாளும் நாயகன் என்று ஒப்பீடு எழுதப் புகுபவர்கள் கம்பனில் முதலில் தேடிப் போவது ராமனையும் பரதனையும்தான். நல்ல தேர்வு. காண்டம், படலம் மாறிப்போவதெல்லாம் ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்துவிடும். தீராத தவறு ஒன்று இருக்கிறது.

"அலைந்தவன் துறந்தான், ஆண்டவன் அனுபவித்தான்" என்று தொடங்குவது

இப்படித் தொடங்கும் கட்டுரையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அதன்பிறகு எந்தப் பாட்டை எடுத்தாலும் இந்தக் கோட்டுக்கு வளைக்கவே தோன்றும்.

கம்பனிலேயே இந்தத் தவறைச் செய்பவன் குகன். சேனையோடு வரும் பரதன் ராமன்மேல் படையெடுக்கிறான் என்றே நினைத்து, கங்கையைக் கடக்க விடமாட்டேன் என்று போருக்கு நிற்கிறான். கிட்டத்தில் பார்த்த பிறகுதான் மரவுரி தெரிகிறது, அழுக்கேறிய உடம்பு தெரிகிறது, ஒளியிழந்த முகம் தெரிகிறது. கையிலிருந்த வில் நழுவி விழுகிறது. "ஆயிரம் இராமர் நின் கேழ் ஆவரோ" (ஆயிரம் ராமர் சேர்ந்தாலும் உனக்கு இணையாவார்களோ) என்ற அடியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வில் விழுந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒப்பீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அரசு கிடைத்தவன் காட்டுக்குப் போனவனின் கோலத்தில் வந்து நிற்கிறான்.

அதற்குப் பின் 14 ஆண்டுகள் அவன் அயோத்திக்குள் போகவில்லை. ஊருக்கு வெளியே நந்தியம்பதியில் ராமனின் பாதுகையின் பெயரால் ஆட்சி. ஆள்பவனோ "அந்தியும் பகலும் நீர் அறாத கண்ணினான்". கெடு முடியும் நாளில் தீயில் விழப் போகிறான். இந்தப் பக்கம் ராமனைப் பாருங்கள்: முனிவர்களுக்கு அபயம் தருகிறான், சுக்கிரீவனையும் வீடணனையும் அரசர்களாக்குகிறான். இவை அரசன் செய்யும் வேலைகள்.

ஆகவே குணங்களைப் பட்டியல் போடாதீர்கள். உடை, இருப்பிடம், யார் பெயரால் செயல், என்ன கெடு என்ற நான்கையும் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வான்மீகியையும் கம்பனையும் கலப்பது

வான்மீகியின் ராமன் வாலியிடம், பூமியை ஆள்பவன் பரதன், அவன் ஆணைப்படியே நாங்கள் நடக்கிறோம் என்கிறான். இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய சான்று. ஆனால் அதைக் கம்பன் பெயரில் எழுதக்கூடாது. கம்பனில் மறைந்து அம்பெய்ததற்குக் காரணம் சொல்பவனே இலக்குவன்தான்.

உத்தர காண்டத்தை இழுப்பது

வேண்டாம். ராமன் முடிசூடிய பிறகு நடப்பதைச் சொல்லும் அந்தக் காண்டத்தைக் கம்பன் பாடவில்லை.

ராமன் முடிசூட்டைக் கவனிக்காமல் விடுவது

"அரியணை அனுமன் தாங்க" என்ற பாட்டில் பரதன் எங்கே இருக்கிறான் என்று தேடுங்கள். வெண்கொற்றக்குடை அவன் கையில் இருக்கிறது.