குறிஞ்சி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"ஓசூரில் ரோஜா வளருது, குறிஞ்சி மட்டும் வளராதா?" கொடைக்கானலோ மூணாறோ போய்வந்தவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேள்வியோடு நின்றால் பரவாயில்லை. சிலர் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றி ஊருக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். நீலக்குறிஞ்சி ஏறக்குறைய 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிச் சரிவுகளில் வளர்வது. ஓசூரே சுமார் 900 மீட்டர்தான்; தருமபுரி அதில் பாதி. ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போடலாம், சொட்டுநீர் விடலாம். அந்த மலையின் மூடுபனிக்கு எங்கே போவது?

இதைவிடப் பெரிய தவறு, பூங்கொத்தை ஒடிப்பது. நம் பக்கத்து மாமரத்தில் இந்த வருஷம் பூ உதிர்ந்துபோனால் அடுத்த தை மாசியில் மறுபடி பூக்கும். குறிஞ்சிக்கு அந்த மறுவாய்ப்பு கிடையாது. 12 ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை விட்டதும் செடியே பட்டுப்போகும். நாம் ஒடிக்கும் கிளை அந்தச் செடியின் ஆயுளுக்கான விளைச்சல். மலை முழுக்கத்தான் பூத்திருக்கிறதே, ஒன்று குறைந்தால் என்ன என்று தோன்றும். மொத்தமாகப் பூத்தால்தான் பூச்சியும் எலியும் தின்றதுபோக விதை மிஞ்சும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. அந்த மிச்சத்தில்தான் நாம் கை வைக்கிறோம்.

ஆண்டுக் கணக்கிலும் தடுமாற்றம் உண்டு. மூணாறில் 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. எல்லா மலைக்கும் இதே கணக்கு என்று நினைக்கக் கூடாது. சிக்கமகளூர்ப் பக்கம் 2022-இல் பூத்தது. கிளம்பும் முன் அந்த மலையின் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீலமாகப் பூத்ததெல்லாம் நீலக்குறிஞ்சியும் அல்ல. குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு.

யாரும் பேசாத தவறு ஒன்று இருக்கிறது: பூக்காத ஆண்டுகளில் அந்தப் புதர்களை வெறும் காடு என்று நினைப்பது. மூணாறில் 2018-இல் பூத்த செடிகளின் விதைகள் இப்போது பூவே இல்லாத பச்சைப் புதர்களாக நிற்கின்றன. அதன்மேல் கூடாரம் அடிக்கிறார்கள், வண்டியை ஏற்றுகிறார்கள், புல் காய்ந்த கோடையில் அடுப்பு மூட்டுகிறார்கள். 2030-இல் நாம் பார்க்கப் போகும் பூ அந்தப் புதரில்தான் இருக்கிறது.