கால்குலேட்டருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது

மலேசியாவின் ஜொகூரில் உள்ள ரெங்கத்தில் வீட்டு முன்கூடத்தில் டியூஷன் நடத்துகிறேன். வரும் பிள்ளைகள் பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்கள். எல்லார் பையிலும் கேசியோ 570 கால்குலேட்டர்தான். வரைபடம் போடும் கால்குலேட்டரை இந்த ஊர்க் கடையில் நான் பார்த்ததில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் (டிஐ) டிஐ-84 பிளஸ், சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி பழையதாக வாங்கி வந்தது. அங்கே ஜூனியர் காலேஜ் பிள்ளைகள் ஏ லெவல் கணிதத்துக்கு இதை வைத்திருப்பார்கள். படிப்பு முடிந்ததும் விற்றுவிடுவார்கள்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் நம் எஸ்பிஎம் தேர்வு அறைக்குள் இதைக் கொண்டுபோக முடியாது. ஆனாலும் கூடுதல் கணிதம் எடுத்த பிள்ளைகள் எல்லாரையும் இதில் ஒரு புரோகிராமாவது எழுத வைக்கிறேன். எழுதி முடித்த பிள்ளையிடம் சூத்திரத்தில் எந்த அடைப்புக்குறி எதற்கு என்று கேட்டால் பதில் வரும்.

முதலில் பிறர் எழுதியதைத் தேடிப் படிக்க வேண்டும். 1996-லிருந்து இருக்கும் டிஐகால்க் டாட் ஆர்க் என்னும் களஞ்சியத்தில் டிஐ கால்குலேட்டர்களுக்கான புரோகிராம்கள் குவிந்து கிடக்கின்றன. உங்கள் மாடலைத் தேர்ந்து, அதில் பேசிக் (கால்குலேட்டரிலேயே எழுதக்கூடிய எளிய நிரல் மொழி), அப்புறம் கணிதம் என்று உள்ளே போங்கள். அசெம்பிளி என்னும் இயந்திர மட்ட மொழியில் எழுதியவை வேகமானவைதான், ஆனால் திறந்து படிக்க முடியாது. புதிய டிஐ-84 பிளஸ் சிஇ-யிலோ 2020-க்குப் பிறகு வந்த சிஸ்டம் அவற்றை ஓடவே விடாது. பேசிக் என்றால் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியும். கோப்பின் பெயர் 8எக்ஸ்பி என்று முடியும்; யுஎஸ்பி கம்பியும் டிஐ கனெக்ட் மென்பொருளும் இருந்தால் ஏற்றிவிடலாம். ஏற்றியதும் ஓட்டாதீர்கள். எடிட்டில் திறந்து, வரி வரியாக நோட்டில் எழுதிப் பாருங்கள். புரியாத வரி இருந்தால் அந்தப் புரோகிராமை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

சரி, எழுதுவோம். இருபடிச் சமன்பாடு, படிவம் நான்கில் எல்லாருக்கும் வருவது. பிஆர்ஜிஎம் பொத்தானை அழுத்தி, நியூ-வுக்குப் போய், ஆங்கில எழுத்தில் குவாட் என்று பெயர் வையுங்கள். பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. ஏ, பி, சி என்று நான் எழுதுபவை பச்சை நிற ஆல்ஃபா பொத்தானோடு அழுத்தும் ஆங்கில எழுத்துகள்.

பிராம்ப்ட் ஏ,பி,சி
பி²−4ஏசி→டி
டிஸ்ப் டி
(−பி+√(டி))/(2ஏ)→எக்ஸ்
(−பி−√(டி))/(2ஏ)→ஒய்
டிஸ்ப் எக்ஸ்,ஒய்

பிராம்ப்ட் எண்ணைக் கேட்கும், டிஸ்ப் விடையைத் திரையில் காட்டும். இவற்றை எழுத்து எழுத்தாகத் தட்டினால் கால்குலேட்டருக்குப் புரியாது. எடிட்டருக்குள் இருக்கும்போதே பிஆர்ஜிஎம்-ஐ மறுபடி அழுத்தி, ஐ/ஓ பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். விடையை ஓர் எழுத்தில் சேமிக்கும் அம்புக்குறி எஸ்டிஓ பொத்தானில் வரும். பி-க்கு முன்னால் இருக்கும் குறி, என்டர் பொத்தானுக்கு இடப்பக்கம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எதிர்மக் குறி. கழித்தல் பொத்தான் வேறு. இரண்டையும் மாற்றிப் போடாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பிழை வந்தால் திரையில் 'கோ டு' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்துங்கள், தப்பான வரிக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை: சரிபார்ப்பது. போன வருடம் படிவம் நான்கு பிள்ளை ஒருத்தி இதை எழுதி, 1, −5, 6 கொடுத்தாள். 3, 2 என்று வந்தது. சந்தோஷமாக நோட்டை மூடப் போனாள். "இரும்மா, ஏ-வுக்கு 1 இல்லாத ஒன்றைக் கொடு" என்றேன். 2, 3, −2 கொடுத்தாள். 0.5, −2 என்று வர வேண்டும். வந்தது 2, −8.

"டீச்சர், என் 570-ல் சரியா வருது, இதில் மட்டும் தப்பா வருதே" என்று தன் கால்குலேட்டரை நீட்டினாள். இரண்டிலும் அவள் தட்டியிருந்தது ஒன்றேதான்: கடைசியில் /2ஏ, அடைப்புக்குறி இல்லாமல். டிஐ-84 இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் 2-ஆல் வகுக்கும், வந்த விடையை ஏ-ஆல் பெருக்கும். அவளுடைய 570 எம்எஸ், 2ஏ என்று ஒட்டி எழுதினால் அந்தப் பெருக்கலை முதலில் முடித்துவிட்டுத்தான் வகுக்கும். ஏ 1 ஆக இருந்தவரை இரண்டும் ஒரே விடையைத் தந்தன, அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. அவள் (2ஏ) என்று திருத்தியதும் 0.5, −2 வந்தது. அன்றிலிருந்து என் வகுப்பில் சரிபார்க்கும் கணக்கில் 1 என்ற எண்ணையே நான் உள்ளே விடுவதில்லை.

அடுத்து 2, 2, 3 கொடுங்கள். டி −20 ஆகிவிடும், ரியல் (மெய்யெண்) மோடில் இருந்தால் நான்ரியல் என்ற பிழையோடு நிற்கும். டிஸ்ப் டி-க்குக் கீழே இதைச் சேருங்கள்:

இஃப் டி<0
தென்
டிஸ்ப் "மெய் மூலம் இல்லை"
ஸ்டாப்
எண்ட்

(மேற்கோளுக்குள் இருப்பதை ஆங்கில எழுத்தில்தான் தட்ட முடியும்.) இஃப், தென், எண்ட் எல்லாம் சிடிஎல் பட்டியலில் இருக்கும். தன்மைகாட்டி (நம் டி) சுழியைவிடக் குறைந்தால் மெய் மூலம் கிடையாது என்று பாடநூலில் மனப்பாடம் செய்த வரி இதுதான்.

எழுதியதை நோட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். ரேம் என்னும் தற்காலிக நினைவகம் அழிந்தால் புரோகிராமும் போய்விடும். ஆர்க்கைவ் என்னும் நிலையான நினைவகத்தில் போட்டால் தப்பிக்கும், ஆனால் டிஐ-84 பிளஸில் ஓட்டுவதற்கு முன் வெளியே எடுக்க வேண்டும்.

கையில் 570 மட்டும் இருந்தால் புரோகிராம் எழுத முடியாது. பரவாயில்லை, சூத்திரத்தை எழுத்துகளோடு தட்டிவிட்டு கால்க் பொத்தானை அழுத்துங்கள். ஏ எவ்வளவு, பி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விடை தரும். பழகுவதற்கு அதுவே போதும். கேசியோவிலேயே பெரிய மாடல் வாங்க முடிந்தவர்களுக்கு எஃப்எக்ஸ்-சிஜி50-ல் பைத்தான் என்னும் நிரல் மொழி இருக்கிறது.

இரண்டாவது புரோகிராமை வீட்டுக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்வேன். நான் எழுதியது அம்மாவின் ரப்பர் பால் கணக்கு. அம்மா இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மங்கிலிருந்து (மரத்தில் பால் வடியும் கிண்ணம்) சேர்த்த பாலை ஸ்டோருக்குத் தூக்கிப் போனால், நிறுத்து, மெட்ரோலாக் என்னும் மிதவைமானியை மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்று தோட்டக் கணக்கரான கிராணி எழுதுவார். பாலில் பெரும்பகுதி தண்ணீர். சம்பளக் கணக்கு காய்ந்த ரப்பருக்குத்தான்.

பிராம்ப்ட் பி,டி
பி*டி/100→கே
டிஸ்ப் கே

பி பாலின் எடை, டி சதவீதம். முதலில் மனதால் போடக்கூடிய கணக்கு: 20 கிலோ, 30 சதவீதம், விடை 6. வந்தது. அப்புறம் 42, 33 கொடுத்தேன், 13.86 கிலோ. அம்மாவிடம் திரையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று வரியையும் விரலால் தொட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "ஒட்டுப்பாலை ஏன் விட்டுட்ட? அதுவும் காசுதானே" என்றார். ஒட்டுப்பால் என்பது மங்கிலும் மரத்திலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் பால். சரிதான். அதற்குச் சதவீதமும் விலையும் வேறு என்பதால் தனியாக இன்னொரு பிராம்ப்ட் வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அந்த வரிகளையும் தட்டினேன்.